மூன்றாவது கோடு

படுக்கையறையில் இப்போது ஆள் நடக்க வழியில்லை. கட்டிலின் மூன்று பக்கமும் பெட்டிகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. எல்லாவற்றின் நெற்றியிலும் மஞ்சள் எழுத்தில் ஒரே பீற்றல்: 'ஃபோர்கேயின் ராஜா!' கீழே கடையின் பின்னறை நிரம்பி, மாடிப்படியின் அடி நிரம்பி, கடைசியில் ராஜாக்கள் படுக்கையறைக்கே குடிவந்துவிட்டார்கள்.

அண்ணி பக்கவாட்டாக நடந்து வெளியே வந்தாள். இரண்டு நாளாக நண்டு மாதிரி நடந்து நடந்து அது பழகிவிட்டது.

பெட்டிகள் வந்த கதை போன வாரமே சொல்லியாயிற்று. நடுவில் வெளியூர் போயிருந்தவர்களுக்காக இன்னொரு தடவை, சுருக்கமாக.

அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவன் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலேதான் வீடு. சின்னவன், கம்ப்யூட்டர் திரையில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட்டு வீடியோ போடுகிறான். பெரியவன் பேசமாட்டான், சின்னவன் நிறுத்தமாட்டான். அதனால் சின்னவன் தன் அண்ணனுக்கு வைத்த பெயர் ஹீட்சிங்க். கார்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு சூடு வந்தாலும் வாங்கிக்கொண்டு, சத்தமே போடாமல் இருக்கும் அலுமினியக் கட்டி அது. பதிலுக்கு அண்ணி தன் கொழுந்தனுக்கு வைத்த பெயர் ஃபேன். அதற்கு விளக்கம் தேவையில்லை.

வீடியோவில் முகம் காட்டுவது ஃபேன். ஜனங்கள் நம்புவது அண்ணியை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள். கார்டை மாட்டி, ஓட்டி, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று அளப்பது அவள்தான். சின்ன ஸ்க்ரீன், நடுத்தரம், ஃபோர்கே எனும் பெரிய ஸ்க்ரீன் என்று மூன்றிலும் அளந்து, மூன்றுக்கும் மூன்று கோடு போடுவாள். நீளமான கோடு என்றால் வேகமான கார்டு. கடைசியில் சின்னவன் கேமராவைப் பார்த்து, "இது அண்ணி நம்பர்" என்பான். பார்க்கிறவர்களுக்கு அது போதும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் அண்ணியானது இப்படித்தான்.

சேனலுக்குப் பெயர் 'ஏட்டுச் சுரைக்காய்'. பெட்டியில் அச்சடித்திருப்பது கறிக்கு உதவாது, மாட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று அர்த்தம். இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், புதுக் கார்டின் விவரத்தாளை மட்டும் படித்துவிட்டு அண்ணனிடம் சொன்னான்: "கோர் ஒண்ணரை மடங்கு. கிளாக் வேகம் ஜாஸ்தி. மெமரி அதே அளவு. விலை பழசை விடக் கம்மி. கண்ணை மூடிக்கிட்டு எடுண்ணா!"

தம்பி சொன்னால் பெரியவனுக்கு வேதவாக்கு. கண்ணை மூடினான். கடையையே பிணையாக வைத்து மொத்த வியாபாரியிடம் சரக்கை எடுத்துவிட்டான். சரக்கு போகாவிட்டால் கடை போகும். கடை போனால் மேலே இருக்கும் வீடும் கூடவே போகும்.

கார்டு சந்தைக்கு வரும் நாள் இன்று. சாயங்காலம் வரை யாரும் டெஸ்ட் ரிசல்ட்டை வெளியிடக் கூடாது என்பது கம்பெனி போட்ட நிபந்தனை. சாயங்காலம் அண்ணி நம்பர் வந்தாக வேண்டும். 'இன்று மாலைதான் கடை திறக்கும்' என்று கீழே ஷட்டரில் எழுதி ஒட்டியிருந்தது.

நம்பர் நேற்றே வந்துவிட்டது. பிரச்சினையே அதுதான்.

சின்ன ஸ்க்ரீனில் புதுசு பழசை ஓட ஓட விரட்டியது. நடுத்தரத்தில் மயிரிழையில் முந்தியது. ஃபோர்கேயில் ஏறியதும் அதற்கு மூச்சு வாங்கிவிட்டது. படம் நின்று நின்று வந்தது. இரண்டு வருஷம் பழைய கார்டின் கோடு மேலே நீண்டிருக்க, ராஜாவின் கோடு அதன் இடுப்புக்குக் கூட எட்டவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கச் சின்னவனுக்கு ராத்திரிச் சாப்பாட்டு வேளை ஆனது. விவரத்தாளில் போடாமல் விட்டிருந்த ஒரே ஒரு விஷயம்.

"மெமரிக்கும் சிப்புக்கும் நடுவுல இருக்கிற பாதையைப் பாதியாக் குறைச்சுட்டான் அண்ணி. சமையல்கட்டுல ஆளை ஒண்ணரை மடங்கு ஆக்கிட்டு, சாமான் வர்ற வாசலைப் பாதியா அடைச்ச மாதிரி. நாலு பேருக்குச் சமைக்கணும்னா ஒண்ணும் தெரியாது. பெரிய பந்தின்னா வாசல்லயே நெரிசல்."

"இதை முன்னாடியே பாக்கலியா நீ?" என்று அண்ணி கேட்டாள்.

"தாளுல போடல."

"தாளுல போடலேன்னா என்னன்னு அர்த்தம்னு நீதானே ஊருக்குச் சொல்லிக் குடுக்கிறே?"

சின்னவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியவன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, "மூணாவது கோடு மட்டும்தானே கீழே போகுது?" என்றான். அவள் தலையாட்டினாள். "சரி" என்று சொல்லிவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டாக நடந்து படுக்கப் போய்விட்டான். அந்த 'சரி'க்கு என்ன பொருள் என்று அவள் விடிய விடிய யோசித்தாள்.



டெஸ்ட் அறை மாடிப்படியின் தலைமாட்டில் இருக்கிறது. அதற்கென்று இந்த வீட்டில் சட்டம் உண்டு. டெஸ்ட் ஓடும்போது கதவைத் திறக்கக் கூடாது, தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. கதவு திறந்தால் வெளிக் காற்று வரும், அறையின் சூடு மாறும், சூடு மாறினால் கார்டின் வேகம் மாறும், நம்பர் மாறும். போனுக்கும் உள்ளே அனுமதியில்லை. ஒரு தடவை அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, கருகி, வீடெல்லாம் புகை. சின்னவன் கதவுக்கு வெளியே நின்று கையைப் பிசைந்தானே தவிர, தட்டவில்லை. சட்டம் அண்ணி போட்டது. மீறுகிற தைரியம் யாருக்கும் கிடையாது.

இன்று காலையில் அவள் உள்ளே போனது வேறு எதற்கும் இல்லை, கார்டைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைக்கத்தான். விளிம்பில் விரல் ஓடும்போது ஏதோ தட்டுப்பட்டது. அரிசி அளவுக்கு ஒரு ஸ்விட்ச்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் 'அமைதி'. மறு பக்கம் 'வேகம்'. ஸ்விட்ச் அமைதிப் பக்கம் கிடந்தது.

பழைய கார்டில் இந்த ஸ்விட்ச் கிடையாது. அதனால் அவள் தேடவே இல்லை. அத்தனை டெஸ்டும் அமைதியிலேயே ஓடியிருக்கிறது! குதிரையின் காலைக் கட்டிவிட்டு ஓடவில்லை என்று திட்டியிருக்கிறோம்!

இத்தனை வருஷத்தில் தன் டெஸ்டில் தப்பு இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

நகத்தால் ஸ்விட்சைத் தள்ளினாள். கார்டை மாட்டினாள். கதவைச் சாத்தினாள். முதலில் சூடேற்றி, பிறகு மூன்று தடவை ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்வது அவள் முறை. எவ்வளவு பதற்றத்திலும் அதை மட்டும் மாற்றவில்லை.

கார்டு உறுமியது. சத்தம் கூடியதே நல்ல சகுனமாகப் பட்டது அவளுக்கு.

முதல் ஓட்டம் பாதியில் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இடது காலை லேசாக இழுத்து நடக்கும் சத்தம். பெரியவன். கதவுக்கு அடியில் நிழல் விழுந்தது.

நிழல் போகவில்லை.

அவள் நாற்காலியில் இருந்து பாதி எழுந்தாள். இந்த மனிதர் காரணமில்லாமல் வந்து நிற்கிறவர் இல்லை. ஆனால் இப்போது திறந்தால் ஓட்டம் கெட்டுவிடும், மறுபடி முதலில் இருந்து சூடேற்ற வேண்டும். அதைவிட, திறக்கும்போது கையில் ஒரு நல்ல செய்தியோடு திறக்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. 'என்னங்க, ஸ்விட்ச்தாங்க. ஒரு சின்ன ஸ்விட்ச்!' அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். கொஞ்சம் பொறுங்க, இதோ ஆச்சு என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

நிழல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இடது காலை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டது. கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மூன்று ஓட்டமும் முடிந்தது. நடு எண்ணைப் பார்த்தாள்.

நேற்றைவிட இன்று நொடிக்கு இரண்டே இரண்டு படம் அதிகம். சத்தம் மட்டும் இரண்டு மடங்கு. குதிரையின் காலை யாரும் கட்டியிருக்கவில்லை. அதற்கு ஓடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி ஸ்க்ரீனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.



மத்தியானம் பெரியவனுக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"வெளியில."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"காலையில கதவு கிட்ட வந்தீங்களே, என்ன விஷயம்?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ இருமினார்கள்.

"வந்து சொல்றேன்" என்றான். வைத்துவிட்டான்.

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் குரலில் அவள் கேட்டது ஒன்றுதான்: மனிதர் எங்கேயோ யாரிடமோ கை நீட்டி நிற்கிறார். வாடகைக்கு வீடு பார்க்கிறாரா? கடைச் சாவியைக் கொடுக்கும் தேதி பேசுகிறாரா? பேசாத புருஷனோடு வாழ்கிறவள் மிச்சத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் நிரப்பியதெல்லாம் கறுப்பாகவே இருந்தது.

சின்னவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். கேமரா, விளக்கு எல்லாம் வைத்தாகிவிட்டது. பேச வேண்டியதுதான் பாக்கி.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கிற மாதிரிதான் சொல்லப் போறே. சொல்லு."

"ஃபோர்கே கோட்டை மட்டும் இன்னிக்கு விட்டுடலாம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றே."

"மறைக்கல அண்ணி. பரிமாறல, அவ்வளவுதான். முதல் ரெண்டு கோடும் நெஜம். நீங்க அளந்தது. அதுல ஒரு புள்ளி கூடப் பொய் கெடையாது. நம்ம கடைக்கு வர்றவங்க பத்துல எட்டுப் பேரு சின்ன ஸ்க்ரீன்தான் வெச்சிருக்காங்க. அவங்களுக்கு இது நல்ல கார்டுதான்!"

"மீதி ரெண்டு பேரு?"

ஃபேன் நின்றுவிட்டது. அது நின்று அவள் பார்த்ததே இல்லை.

"நான்தான் அண்ணி அண்ணனைப் படுகுழியில தள்ளினேன்" என்றான் பிறகு, வேறு குரலில். "ஒரு தடவை வாயைத் தொறந்து என்னைத் திட்டியிருந்தான்னா கூடப் பரவாயில்ல. நேத்து எனக்கு ரெண்டாந்தரம் சோறு போடச் சொன்னான். தொண்டையில எறங்கல எனக்கு."

தொழிற்சாலையில் ஒரு தடவை, ஒரே ஒரு பேட்டரி லேசாக உப்பியிருந்ததற்காக முழுக் கூடையையும் திருப்பி அனுப்பியவள் அவள். மேலாளர் வந்து கெஞ்சினார், மிரட்டினார். அசையவில்லை. அந்தப் பெண் எங்கே போனாள் என்று இப்போது தேடிப் பார்த்தாள். பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்திருக்கும் புருஷனின் முதுகுதான் கண்ணில் வந்தது. திரும்பிப் படுக்கக் கூட இடமில்லாமல், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் படுத்திருக்கும் முதுகு. அந்த மனிதரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். இதை அவரிடம் அவள் சொன்னதில்லை. அந்த வீட்டில் அதெல்லாம் சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை.

"உங்கண்ணன் கேட்டா என்ன சொல்றது?"

"அண்ணனா? கேக்கவா போறான்? வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமே!"

அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு கோட்டோட முடிச்சுடு" என்றாள். "ஃபோர்கே அப்புறம் வரும், ஆட்டுக்குட்டி வரும்னு எதையும் சொல்லாதே. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கடைசியில 'இது அண்ணி நம்பர்'னு சொல்லாதே."

"அதைச் சொல்லலேன்னா எவன் நம்புவான் அண்ணி?"

அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மௌனம் சம்மதம் என்று சின்னவன் எடுத்துக்கொண்டான். அது சம்மதம்தானா என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.



சாயங்காலம் ஷட்டர் ஏறியது. கடைச் சுவரில் இருக்கும் டிவியில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் எப்போதும் போலத்தான் பேசினான். கோர் எத்தனை, கிளாக் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு குடிக்கிறது என்று பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னான். முதல் கோடு வந்தது. புதுசு ஜெயித்தது. இரண்டாவது கோடு வந்தது. புதுசு ஜெயித்தது. "இது அண்ணி நம்பர்" என்று சொல்லிக் கும்பிட்டான். வீடியோ முடிந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணி குனிந்துகொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது அலங்காரக்காரி. வீடுகளுக்கு உள்ளலங்காரம் வரைந்து கொடுக்கிற பெண். சோபா எங்கே, விளக்கு எங்கே, சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழும் என்று கம்ப்யூட்டரிலேயே வீட்டைக் கட்டிக் காட்டுவாள். மூச்சு வாங்க வந்தாள்.

"அண்ணி! வழியிலேயே போன்ல பாத்துட்டேன். எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க. போன மாசம் பழசை வாங்க வந்தேன், ஞாபகம் இருக்கா? நீங்கதான் 'பொறும்மா, புதுசு வருது, நான் ஓட்டிப் பாத்துச் சொல்றேன்'னு திருப்பி அனுப்பினீங்க. நல்லவேளை, உங்க பேச்சைக் கேட்டேன்!"

அண்ணி ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஆமா அண்ணி, ஃபோர்கே நம்பர் வீடியோவுல வரலியே? எங்கிட்ட இருக்கிறது பெரிய ஸ்க்ரீனாச்சே. அதுல எப்படி ஓடுது?"

கேட்டது சாதாரணமாகத்தான். மெனுவில் என்ன இருக்கிறது என்று கேட்பது போல. 'வேண்டாம்மா, பழசையே வாங்கிக்கோ' என்ற வார்த்தை அண்ணியின் தொண்டை வரை வந்தது. தலைக்கு மேலே, மாடியில், கட்டிலின் மூன்று பக்கமும் நிற்கும் பெட்டிகள் அதை அப்படியே அழுத்தி உள்ளே தள்ளின.

அவள் பெட்டியைத் திருப்பி, மஞ்சள் எழுத்தை அந்தப் பெண்ணின் பக்கம் காட்டினாள்.

"பெட்டியிலயே போட்டிருக்கே" என்றாள்.

அலங்காரக்காரி ஒரு கணம் பார்த்தாள். பிறகு கலகலவென்று சிரித்தாள். "பெட்டியை நம்பாதேன்னு சொல்றவங்களே நீங்கதானே அண்ணி! நல்லாத்தான் ஜோக் அடிக்கிறீங்க. சரி, மாட்டிட்டு நானே ஓட்டிப் பாத்து நம்பரைப் போடுறேன். உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அண்ணி அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடலாம். தெருமுனை திரும்புகிற வரைக்கும் கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடவில்லை.



விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியவன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். அடுக்கில் ஒரு பெட்டி அளவுக்கு ஓட்டை இருப்பதைப் பார்த்தான்.

"ஒண்ணு போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"யாருக்கு?"

"அலங்காரக்காரிக்கு."

"அவங்ககிட்ட பெரிய ஸ்க்ரீன் ஆச்சே."

அண்ணி அடுக்கில் இருந்த பெட்டிகளை நேராக்கினாள். சின்னவன் படியில் இருந்து இறங்கி வந்து, அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

பெரியவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கோபமாக இருந்திருந்தால் அவளுக்குத் தெம்பு வந்திருக்கும். அவன் களைப்பாக இருந்தான்.

"மொத்த வியாபாரியைப் பாக்கத்தான் போனேன்" என்றான். "விடிஞ்சதுமே போன் பண்ணிக் கேட்டேன். 'பெட்டி மேல ஃபோர்கேன்னு போட்டிருக்கு, ஆனா பழசை விட மோசமா ஓடுது, சரக்கைத் திருப்பி எடுத்துக்கங்க'ன்னேன். அவரு நல்ல மனுஷன்தான். 'உன் வாய் வார்த்தையை வெச்சுக் கம்பெனியில நான் எப்படிச் சண்டை போடுவேன்? வெளியில வந்த டெஸ்ட் வேணும். உங்க வீட்டு நம்பரைக் கம்பெனிக்காரனே பாக்கிறான். சாயங்காலம் அதுல ஃபோர்கே கோடு கீழே வந்துதுன்னா, பெட்டியில போட்டது பொய்னு ஆயிடும். மொத்தச் சரக்கும் திரும்பிப் போக நான் பொறுப்பு'ன்னு சொன்னாரு."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது.

"நீ போன் பண்ணப்ப அவரு எதிர்லதான் உக்காந்திருந்தேன். சாயங்காலம் அவரு வேற வேலை எல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு எங்கூட உக்காந்து வீடியோ பாத்தாரு. 'எங்க வீட்டுல நம்பர் மாறாதுங்க'ன்னு நான் சொன்னேன். முதல் கோடு வந்துது. ரெண்டாவது வந்துது. மூணாவது வரும்னு ரெண்டு பேரும் உக்காந்துக்கிட்டே இருந்தோம். தம்பி கும்பிட்டான். முடிஞ்சு போச்சு. அப்புறமும் உக்காந்திருந்தோம்."

"அண்ணா..." என்றான் சின்னவன். "இப்பவே போட்டுடறேன் அண்ணா. மூணாவது கோட்டை இப்பவே..."

"அதையும் கேட்டேன். 'இனிமே போட்டா, சரக்கைத் திருப்பறதுக்காகச் சேத்த கோடுன்னு கம்பெனிக்காரன் சொல்வான். உங்க வீட்டு நம்பரே கார்டு நல்லதுன்னு சொல்லிடுச்சேப்பா, நான் என்ன பண்றது'ன்னாரு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாரு."

முழுக் கூடையையும் திருப்பி அனுப்பியவள் ஒருத்தி இருந்தாளே, அவள் இன்று ஒரு நாள் இருந்திருந்தால் போதும். வேறு எதுவும் செய்திருக்க வேண்டாம். எப்போதும் செய்வதைச் செய்திருந்தால் போதும்.

"உங்களுக்காகத்தாங்க..." என்று அண்ணி ஆரம்பித்தாள். "ஒரு வார்த்தை, காலையிலயே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

பெரியவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"சொல்லத்தான் வந்தேன்" என்றான். "டெஸ்ட் ஓடிக்கிட்டிருந்துச்சு."

டிவியில் வீடியோ தானாகவே மறுபடி முதலில் இருந்து ஓட ஆரம்பித்தது. கோர் எத்தனை, கிளாக் எவ்வளவு என்று டிவிக்குள் ஒரு சின்னவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெளியே நின்ற சின்னவன் ரிமோட்டைத் தேடினான், கிடைக்கவில்லை.

கல்லா மேல் இருந்த அண்ணியின் போன் அதிர்ந்தது. வீடியோவுக்குக் கீழே புதிதாக ஒரு கமென்ட். அலங்காரக்காரிதான் போட்டிருந்தாள்.

"கார்டு மாட்டியாச்சு அண்ணி! ஃபோர்கே ஓட விட்டிருக்கேன். முடிஞ்சதும் நம்பரைப் போடுறேன். எல்லாரும் காத்திருங்க."

அதற்குள் நாற்பது பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள்.